தொகுதி மாறிய வீடு

ஹார்லோ
மார்ச் 10, 1991

அன்புள்ள வெர்னனுக்கு,

நீ, ஷீலா, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே. இங்கே அப்பா நலம். மழை வருவதற்கு முந்தின நாளே அவருக்கு இடுப்பு வலி வந்துவிடுகிறது; வானொலியைவிட இடுப்பை நம்பலாம் என்கிறார். எனக்கு ஒரு குறையும் இல்லை. மாடுகள் கன்று ஈனும் பருவம் என்பதால் தூக்கம்தான் இல்லை.

எழுத வந்தது வேறு விஷயம். நம் வீட்டுக்கு எதிரே, சரளைச் சாலைக்கு வடக்குப் பக்கம் குடியிருக்கிறாளே ரோண்டா, அவளுடைய கைக்குழந்தைக்குப் போன வாரம் உதடும் நகமும் நீலமாகிவிட்டன. நான் மாட்டு வைத்தியர். இருந்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் ஓடிவந்தாள். "டாக்டர், இவளுக்குக் குளிருதா? ரெண்டு போர்வை போத்திட்டேன், நீலம் போகவே மாட்டேங்குது" என்றாள். குளிர் இல்லை, கிணறு. வயல்களில் கொட்டும் உரமெல்லாம் மண்ணில் இறங்கிக் கிணற்றில் சேர்ந்திருக்கிறது. அந்தத் தண்ணீரில் பால் மாவைக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். என் டிரக்கிலேயே மில்பர்ன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குழந்தை பிழைத்துவிட்டது. இந்தப் பக்கத்துப் பசுக்கள் கன்றைக் கலைப்பதை நான் மூன்று வருடமாகப் பார்த்துவருகிறேன். மனிதக் குழந்தை என்று வந்தபோதுதான் எனக்கே உறைத்தது.

ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் மசோதா நம் ஸ்டெம்பிளின் கமிட்டியில் கிடக்கிறது. அவர் அதை ஓட்டுக்கே விடுவதில்லை. இருபத்திரண்டு வருடமாக அவர்தான் சட்டசபை உறுப்பினர். இந்தத் தொகுதியில் எதிர்க்கட்சி ஆளே நிறுத்துவதில்லை, நவம்பரில் ஓட்டுச்சீட்டில் ஒரே பெயர்தான் இருக்கும். அவரைத் தோற்கடிக்க முடிந்த ஒரே இடம், அடுத்த வருடம் ஜூனில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நம் கட்சிக்குள்ளேயே நடக்கும் பிரைமரி தேர்தல். இதுவரை யாரும் அதில் அவரை எதிர்த்ததில்லை. நான் நிற்கப் போகிறேன்.

நீ தலைநகரில் கட்சி அலுவலகத்திலேயே உட்கார்ந்திருப்பவன். எனக்கு எது தெரியாது என்பது உனக்குத்தான் தெரியும், சொல். போன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்டெம்பிள் அவருடைய பழைய சிநேகிதர். அதனால்தான் கடிதம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.
அக்கா கொரீன்

*

தலைநகர்
ஏப்ரல் 2, 1991

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். பெரியவன் நீச்சலில் இரண்டாவதாக வந்தான்; முதலில் வந்தவன் இவனைவிட ஒரு அடி உயரம், அதனால் எங்களுக்கு வருத்தமில்லை. ஷீலாவுக்கு முதுகு வலி தேவலை. அப்பாவின் இடுப்பை விசாரித்ததாகச் சொல்.

குழந்தை விஷயம் கேட்டு மனம் கலங்கிவிட்டது. பிழைத்ததே போதும்.

மற்றதைப் பற்றி. நீ ஜெயிக்கக்கூடியவள் அக்கா, அதில் எனக்குச் சந்தேகமில்லை. நம் மாவட்டத்தில் உன்னை மாட்டுக் கொட்டகைக்குள் விடாத வீடே இல்லை. ஆனால் ஒரு தவணை பொறு என்றுதான் சொல்வேன். ஸ்டெம்பிளுக்கு வயதாகிறது. அவராக விலகும்போது நீ நின்றால் கட்சியே உன்னைத் தூக்கிக்கொண்டு போகும். இப்போது நின்றால் கட்சிக்குள் கசப்பு வரும். கட்சி கசப்பை மறப்பதில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து எண்கள் வந்துவிட்டதால் அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை. புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறார்கள், அதை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கண் எரிகிறது. அலுவலக போனில் மட்டும் இதைப் பற்றிப் பேச வேண்டாம். கடிதமே நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வெர்னன்

*

ஹார்லோ
ஏப்ரல் 21, 1991

அன்புள்ள வெர்னனுக்கு,

அப்பா நலம். உன் கண்ணுக்கு என்ன மருந்து போடுகிறாய்? மாட்டுக்குப் போடுவது என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன்.

பொறு என்றாய். பொறுப்பதற்கு முன் நேரே கேட்டுவிடலாம் என்று ஸ்டெம்பிளைப் பார்க்கப் போனேன். மில்பர்னில் அவர் விதைக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"வா கொரீன். அப்பா எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார். எங்க பக்கத்துல கிணத்துத் தண்ணியைக் குடிச்சு ஒரு குழந்தை சாகப் பாத்துச்சு. அந்த மசோதாவை ஓட்டுக்கு விடுங்க, அதைக் கேட்கத்தான் வந்தேன்."

"அதுக்கெல்லாம் நேரம் வரணும்மா. குழாய் போட்டா வரி போடணும். வரி போட்டா என்னைத் திட்டுவாங்க."

"விடலைன்னா ஜூன்ல நான் உங்களை எதிர்த்து நிக்கிறதா இருக்கேன். முதுகுக்குப் பின்னாடி செய்ய எனக்குப் பிடிக்கலை. அதான் சொல்லிட்டுப் போக வந்தேன்."

கோபப்படவில்லை வெர்னன். கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். "உன் அப்பா தோள்ல ஏறி வந்தவன் நான். நீ நின்னா நல்லதுதான், ஊருக்கு ஒரு உற்சாகம். ஆனா அடுத்த ஜூன் ரொம்ப தூரம்மா. அதுக்குள்ள தொகுதிக் கோடெல்லாம் புதுசா போடுவாங்க, யாரு எங்க இருப்போமோ" என்றார். வாசல் வரை வந்து கதவைத் திறந்துவிட்டார்.

அன்று மாலையே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ரொட்டியை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார். பிறகு, "அவன் என்கிட்ட வந்து கேட்டா என்ன சொல்றது?" என்றார். "பொண்ணு சொன்ன பேச்சைக் கேக்கலைன்னு சொல்லுங்க" என்றேன். "அது நிஜம்தானே" என்று சொல்லிவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவ ஆரம்பித்தார். சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எல்லோருக்கும் என் அன்பு.
கொரீன்

*

தலைநகர்
மே 6, 1991

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் மாட்டு மருந்து வேண்டாம், கண்ணாடி மாற்றிவிட்டேன்.

ஒரு யோசனை. மில்பர்னில் உன் மாட்டு ஆஸ்பத்திரிக்கு மேலே இரண்டு அறைகள் காலியாகத்தானே இருக்கின்றன? நீயும் அப்பாவும் அங்கே குடிபோனால் என்ன? அப்பாவுக்கு டாக்டர் பக்கத்திலேயே இருப்பார். குளிர்காலத்தில் பனியில் நீ வண்டி ஓட்ட வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் பயமும் இல்லை. இந்த மாதக் கடைசிக்குள் போய்விட்டால் நல்லது. வீட்டை விற்க வேண்டியதில்லை, முகவரியை மட்டும் மாற்றிக்கொண்டால்கூடப் போதும். இதை ஏதோ பேச்சுக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அப்பாவின் உடம்பை நினைத்துத்தான் சொல்கிறேன்.

சீக்கிரம் பதில் எழுது.
வெர்னன்

*

ஹார்லோ
ஜூன் 4, 1991

அன்புள்ள வெர்னனுக்கு,

பதில் தாமதம், மன்னித்துவிடு. கெஸ்லர் பண்ணையில் பதினோரு பசுக்கள் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன்.

மில்பர்ன் யோசனையை அப்பாவிடம் சொன்னேன். "என் மாடிப்படியில நான் விழுந்தா என் வீட்ல விழுந்தேன்னு இருக்கும், அடுத்தவன் மாடிப்படியில எதுக்கு விழணும்?" என்றார். எனக்கும் மனமில்லை. ஹார்லோ தண்ணீருக்காக நிற்கிறவள் ஹார்லோவை விட்டு ஓடினாள் என்று ஸ்டெம்பிளே சொல்வார். நீ அக்கறையாகச் சொன்னது புரிகிறது தம்பி. ஒரு தேர்தல் முடியட்டும், பார்க்கலாம்.

போகிற இடமெல்லாம் ஜனங்கள் நன்றாகப் பேசுகிறார்கள். "ஓட்டுச்சீட்டுல உங்க பேரைத் தேடிப் பிடிச்சுடுவோம் டாக்டர்" என்கிறார்கள். எனக்கு இப்படி ஒரு கோடைகாலம் வந்ததே இல்லை.

உன் நலமும் வீட்டார் நலமும் எழுது.
கொரீன்

*

ஹார்லோ
செப்டம்பர் 29, 1991

வெர்னன்,

நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள். உன்னை வியாழக்கிழமை பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தாய்.

ஜூன் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதிலே வரவில்லை. வேலை என்று நினைத்துக்கொண்டேன். பதினெட்டாம் தேதி செய்தித்தாளில் புதுத் தொகுதி வரைபடம் வந்தது. நம் தொகுதியின் தெற்கு எல்லை நம் வீட்டுக்குத் தெற்கே ஒரு மைல் தள்ளி, பெரிய சாலையோடு நேராகப் போகிறது. நம் பண்ணைக்கு நேரே வந்ததும் மட்டும் வடக்கே ஏறி, நம் வீட்டு வாசல் சாலை வரை வந்து, வீடு, கொட்டகை, அம்மா படுத்திருக்கும் கல்லறைத் தோட்டம் இவற்றைச் சுற்றிக்கொண்டு மறுபடி கீழே இறங்குகிறது. ஜாக்கெட்டில் பை தைத்த மாதிரி இருக்கிறது. ரோண்டா வீடு பழைய தொகுதிக்குள்ளேயே. இடப்பக்கம் கெஸ்லர் உள்ளே, வலப்பக்கத்து வீடும் உள்ளே. நாங்கள் தெற்கே இருக்கும் தொகுதியில். அது இருபது வருடமாக எதிர்க்கட்சியின் கோட்டை. அங்கே நம் கட்சி ஆளே நிறுத்துவதில்லை. அம்மாகூடத் தொகுதி மாறிவிட்டாள்.

முதலில் அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். "தப்பா போட்டிருப்பாங்க. வெர்னன்கிட்ட சொல்லு, சரி பண்ணிடுவான்" என்றார். உன் வீட்டுக்குப் போன் செய்தேன். நீ வெளியூர் போயிருப்பதாக ஷீலா சொன்னாள். அதனால்தான் வரைபடத்தைப் பற்றி ஜனங்கள் கருத்துச் சொல்லத் தலைநகரில் வைத்த விசாரணைக் கூட்டத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்தேன். பேச விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று போட்டிருந்தது.

மேடையில் இரண்டு கட்சித் தலைவர்களும் அக்கம்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார், மற்றவர் எடுத்துக்கொண்டார். சட்டசபையில் இவர்கள்தானா ஒருவர் கழுத்தை ஒருவர் பிடிக்கிறவர்கள் என்று இருந்தது. அவர்களுக்குப் பின்னால் பெரிய பலகையில் வரைபடத் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு நின்றவன் நீ.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு பார்க்கவில்லை.

என் முறை வந்ததும் எழுந்து, அந்தப் பை எதற்கு என்று கேட்டேன். தலைவர், "தொகுதிக்குத் தொகுதி மக்கள்தொகை சரியா இருக்கணும் அம்மா, அதுக்காக அங்கங்க வளைய வேண்டியிருக்கு" என்றார்.

"அதுக்குள்ள ரெண்டே பேர்தான் இருக்கோம். எங்கப்பாவும் நானும். மிச்சமெல்லாம் பசு."

ஜனங்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "ஒரே ஒரு வீட்டுக்காக வரைபடத்தை மாத்த முடியாதும்மா."

"ஒரே ஒரு வீட்டுக்காகத்தானே மாத்தியிருக்கீங்க?"

"நன்றி. நேரம் முடிஞ்சுடுச்சு. அடுத்தவங்க வரலாம்."

நீ அடுத்த தாளைத் திருப்பினாய்.

வெளியே வந்து, மறுபடி தொகுதிக்குள், மில்பர்னுக்கு, குடிபோனால் நிற்கலாமா என்று அங்கே ஒரு வழக்கறிஞரைக் கேட்டேன். பிரைமரிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே தொகுதிக்குள் குடியிருக்க வேண்டுமாம். அதாவது போன ஜூன் தொடக்கத்துக்கு முன். பேருந்தில் வரும்போதுதான் நீ மே மாதம் எழுதியது நினைவுக்கு வந்தது. இந்த மாதக் கடைசிக்குள், முகவரியை மட்டும் மாற்றினால்கூடப் போதும் என்று எழுதினாயே. அப்பாவின் உடம்பை நினைத்துச் சொல்கிறேன் என்றாய்.

அப்பாவிடம் அச்சுப்பிழை இல்லை என்று மட்டும் சொன்னேன். உன்னை அங்கே பார்த்ததைச் சொல்லவில்லை.

கொரீன்

*

தலைநகர்
அக்டோபர் 20, 1991

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் அப்பா நலமும் அறிய ஆவல்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீ கேட்காமல் கேட்கும் கேள்விக்குக் கடிதத்தில் பதில் எழுத முடியாத இடத்தில் இருக்கிறேன். இதை மட்டும் சொல்லலாம்: ஒரு வரைபடம் யாரோ ஒருவருடைய கையால் வருவதில்லை. இவர் இந்த ஊர் வேண்டும் என்பார், அவர் அந்த ஊர் வேண்டாம் என்பார். இவர்கள் தெற்கே கொஞ்சம் விட்டுக் கொடுத்தால் அவர்கள் கிழக்கே கொஞ்சம் விட்டுக் கொடுப்பார்கள். முடிவில் இரண்டு பக்கமும் தூங்கப் போகும்போது தங்கள் நாற்காலி பத்திரம் என்று தெரிந்துகொண்டு தூங்க வேண்டும், அவ்வளவுதான். சொன்னதை வரைய ஒருவன் வேண்டும். அவன் வரையவில்லை என்றால் இன்னொருவன் வரைவான். எல்லாம் சட்டப்படிதான் நடந்திருக்கிறது. நீதிமன்றம் போனாலும் நிற்கும்.

பத்து வருடத்தில் மறுபடி வரைவார்கள். அப்போது நான் இன்னும் நல்ல இடத்தில் இருப்பேன்.

சின்னவளுக்குப் பல் விழுந்திருக்கிறது. உனக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

வெர்னன்

*

ஹார்லோ
ஜனவரி 12, 1992

அன்புள்ள வெர்னனுக்கு,

புது வருட வாழ்த்துகள். சின்னவளிடம் பல்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல். அப்பாவுக்கு மார்ச்சளி பிடித்து இப்போதுதான் எழுந்து நடக்கிறார். நான் நலம்.

உன்மேல் கோபமாகவே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்று மாதம் இருந்தும் பார்த்தேன். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அதனால் எழுதுகிறேன், ஒரு உதவியும் கேட்கிறேன்.

ரோண்டா நிற்கப் போகிறாள். சாலைக்கு வடக்கே இருப்பதால் அவளுக்குத் தடையில்லை. வயது இருபத்தைந்துதான், மேடை என்றால் நடுங்குகிறாள். சமையலறையில் வைத்து நான் ஸ்டெம்பிளாக நடித்துக் கேள்வி கேட்டுப் பழக்குகிறேன். நேற்று, "ஸ்டெம்பிள் ஐயா, எங்க கிணத்துத் தண்ணியை ஒரு டம்ளர் கொண்டு வந்திருக்கேன், குடிங்க, அப்புறம் பேசலாம்" என்றாள். அப்பா தன் நாற்காலியிலிருந்தே கை தட்டினார்.

அவள் பெயர் ஓட்டுச்சீட்டில் ஏற, கட்சியில் பதிவு செய்தவர்கள் இருநூறு பேரின் கையெழுத்து மார்ச் முதல் வாரத்துக்குள் வேண்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவளால் அலைய முடியாது. நான்தான் வைத்தியத்துக்குப் போகும் கொட்டகை எல்லாம் தாளைக் கொண்டுபோகிறேன். எல்லோரும் போடுகிறார்கள். ஆனால் மை, தேதி, முத்திரை என்று எதையாவது சொல்லி அடித்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம். இந்த விதிகளெல்லாம் உனக்கு மனப்பாடம். நான் கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா? ஒரு வரி எழுதினால் போதும். உன் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

எதிர்பார்ப்புடன்,
அக்கா கொரீன்

*

தலைநகர்
மார்ச் 16, 1992

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? அப்பாவுக்கு இருமல் நின்றதா?

உன் ஜனவரிக் கடிதம் இப்போதுதான் என் கைக்கு வந்தது. இரண்டு மாதமாக நான் ஊரில் இல்லை, மாநிலம் முழுக்க அலைச்சல். தபால் எல்லாம் ஒரு பெட்டியில் குவிந்து கிடந்தது. நீ கேட்டதற்கு இனி பதில் எழுதிப் பயனில்லை என்று நினைக்கிறேன். ரோண்டா விஷயம் கேள்விப்பட்டேன். வருத்தமாக இருக்கிறது. அது மாவட்டத் தேர்தல் அலுவலகத்தின் முடிவு, இங்கே யாருக்கும் அதில் சம்பந்தமில்லை.

ஈஸ்டருக்கு வரப் பார்க்கிறேன்.
வெர்னன்

*

ஹார்லோ
மார்ச் 24, 1992

வெர்னன்,

அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது.

என்ன நடந்தது என்று நீ கேள்விப்பட்டிருக்கிறாய். என் வாயாலும் கேள். இருநூறு கேட்டார்கள், முந்நூறுக்கு மேல் கொடுத்தோம். ஸ்டெம்பிளின் வழக்கறிஞர் ஒரு கையெழுத்தைக்கூடப் பொய் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்து வாங்கியவர் தன் பெயரைப் போட வேண்டும் அல்லவா? வாங்குகிறவரும் அதே தொகுதியில் குடியிருக்க வேண்டுமாம். என் பெயர் இருந்த தாள்களையெல்லாம் ஒரே அடியாக ஒதுக்கி வைத்தார். ரோண்டா தன் சொந்தக்காரர்களிடம் வாங்கிய இரண்டு தாள்தான் மிஞ்சியது.

தேர்தல் அலுவலகத்தில் இருப்பவள் நம் இர்மா. அவள் நாய்க்குப் போன வருடம் நான்தான் ஆபரேஷன் செய்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சட்டம் அப்படித்தான் இருக்கு கொரீன். ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள்.

நான் கேட்டிருந்தேன். யாரிடம் என்று அவளிடம் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் ரோண்டா என்னைத் தேற்றினாள். "நீங்க அலைஞ்சதே போதும் டாக்டர். உங்களாலதான் இவ்வளவு தூரம் வந்தோம்" என்றாள். எதனால் இவ்வளவு தூரத்தோடு நின்றோம் என்று இருவருக்கும் தெரியும். அவளைச் சாலைக்கு வடக்கே இறக்கிவிட்டு, நான் தெற்கே வந்தேன்.

பிப்ரவரி இருபதாம் தேதி அப்பா பிறந்தநாளுக்கு உன் வாழ்த்து அட்டை வந்தது. உன் கையெழுத்து, தலைநகர்த் தபால் முத்திரை. ரோண்டாவுக்குக் கொடுத்த கெடுவுக்கு இன்னும் இரண்டு வாரம் மிச்சம் இருந்தது. "எதிரே அந்தக் குழந்தை வீட்ல எல்லாரும் சௌக்கியமா அப்பா? அக்காகிட்டயும் விசாரிச்சேன்னு சொல்லுங்க" என்று எழுதியிருந்தாய். அப்பா அதை உரக்கப் படித்துக் காட்டினார்.

வரையச் சொன்னார்கள், வரைந்தாய். அதை நான் விழுங்கிக்கொண்டேன். எழுதாமல் இருக்கவும் உன்னிடம் யாராவது சொன்னார்களா?

ஈஸ்டருக்கு வந்தால் அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கொரீன்

*

ஹார்லோ
நவம்பர் 8, 1992

வெர்னன்,

எல்லோரும் நலம் என்று நினைக்கிறேன். ஈஸ்டருக்கு நீ வரவில்லை. அப்பா உன்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அவருக்காகத்தான் இந்தக் கடிதம்.

ரோண்டாவும் அவள் கணவன் டுவேனும் ஆகஸ்டிலேயே வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். அவளுக்கு மறுபடி குழந்தை உண்டாகியிருக்கிறது. "இந்தத் தண்ணியில இன்னொண்ணை வளர்க்க என்னால முடியாது டாக்டர்" என்றாள். டுவேனுக்கு வேறு ஊரில் கிடங்கு வேலை. அவர்கள் வீட்டு ஜன்னல்களுக்குப் பலகை அடித்தாகிவிட்டது.

தேர்தல் நாளில் அப்பா காலையிலேயே கோட்டும் டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு இப்போது வாக்குச்சாவடி ஹார்லோ பள்ளிக்கூடம் இல்லை, வில்காட்டில் ஒரு தேவாலயத்தின் அடித்தளம். வண்டியில் நாற்பது நிமிடம். அங்கே அவருக்கு யாரையும் தெரியவில்லை. நாற்பது வருடம் தேர்தல் நாளில் தன் காரில் நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு போனவர், யாரோ ஒரு பெண்ணிடம் தன் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் கிட்டே போனேன்.

"சட்டசபைக்கு ஒரு பேருதான் இருக்கு. இந்தாள் யாரு?"

"அந்தக் கட்சிக்காரர்பா."

"நம்ம ஆள் எங்க?"

"இங்க நம்ம ஆள் நிக்கலைப்பா."

"அப்ப ஸ்டெம்பிள்?"

"அவர் நம்ம பழைய தொகுதியில. அங்கயும் அவர் பேரு ஒண்ணுதான்."

"அப்ப என்னை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தே?" என்றார். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டுச் சீட்டைப் பெட்டியில் போட்டார்.

திரும்பி வரும்போது கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். "இந்தக் கோடு போட்டாங்களே, அது வெர்னனுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதுப்பா. அவன் வேற பிரிவு."

"அதான் பாத்தேன்" என்றார். அதன் பிறகு நிஜமாகவே தூங்கிவிட்டார்.

வண்டியை ஓட்டிக்கொண்டே எதிரில் வரும் வயல்களைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து அப்பாவிடம் நான் பொய் சொன்னதே இல்லை.

ஸ்டெம்பிளுக்கு நூற்றுக்கு நூறு. தண்ணீர் மசோதா மறுபடி அவர் கமிட்டிக்குத்தான் போகிறது. அடுத்த தவணைக்கு யாராவது நிற்பீர்களா என்று கெஸ்லரைக் கேட்டேன். "உங்களுக்கு ஆனதைப் பாத்த பிறகா டாக்டர்?" என்றார்.

கொரீன்

*

தலைநகர்
நவம்பர் 22, 1992

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா எப்படி இருக்கிறார்? நீ எப்படி இருக்கிறாய்? நாங்கள் நலம்.

உன் கடிதத்தை ஷீலாவிடம் காட்டவில்லை. பத்து நாளாகக் கோட்டுப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

தேர்தல் அன்று நானும் ஓட்டுப் போடப் போனேன். வேலை முடிந்து போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தாய், சீருடையோடு ஒரு செவிலி, கைத்தடியோடு ஒரு கிழவர். உள்ளே போய்ச் சீட்டைப் பிரித்தால் சட்டசபைக்கு ஒரே பெயர். என் தொகுதிதான் அது, எனக்கு அது முன்பே தெரியும். யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். இருந்தும் அந்தத் தாய் அந்த ஒரு கட்டத்தை எவ்வளவு கவனமாக நிரப்பினாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நானும் நிரப்பினேன்.

ஜனவரி முதல் எனக்குப் பெரிய பதவி. இப்போதே தனி அறை கொடுத்திருக்கிறார்கள். அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு உன்னிடமிருந்து இன்னொரு கடிதம் வரவில்லையே என்று தபால் பையனை இரண்டு முறை கேட்டேன் அக்கா.

கிறிஸ்துமஸுக்கு நான் மட்டும் வரட்டுமா? அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். உன்னிடம் பேச வேண்டும். திட்டினாலும் சரி. முன்பெல்லாம் பண்ணை, மாடு, கன்று, யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் எழுதுவாயே, அப்படி ஒரு கடிதமாவது எழுது. பக்கம் பக்கமாக என்னைத் திட்டி எழுது, படித்துக்கொள்கிறேன்.

உன் தம்பி
வெர்னன்

*

ஹார்லோ
டிசம்பர் 9, 1992

அன்புள்ள வெர்னனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததில் சந்தோஷம். அப்பாவிடம் சொன்னேன், அவருக்கும் சந்தோஷம்.

அப்பா நலம். நான் நலம். இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. அங்கேயும் குளிர் அதிகமாக இருக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள். ஷீலாவின் முதுகு வலி தேவலையா?

கிறிஸ்துமஸுக்கு நீ வருவது உன் வசதிப்படி. அப்பா வீட்டில்தான் இருப்பார். எனக்கு அந்த வாரம் வெளியே வேலை இருக்கும்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

கொரீன்